பிழைக்கெல்லாம் ஒரு ரோஜாப்பூ

சென்ற வாரம் ஒரு மளிகைச் செயலியில் துவரம்பருப்பும் வெல்லமும் கேட்டுவிட்டுக் காத்திருந்தேன். திரையில் ஒரு நாய்க்குட்டி வந்தது. தலையைச் சாய்த்து, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "அச்சச்சோ! ஏதோ தப்பாகிவிட்டது" என்றது. என்ன தப்பு, யார் செய்த தப்பு, பருப்பு வருமா வராதா, எதுவும் அந்த நாய்க்குட்டிக்குத் தெரியவில்லை. எனக்கு வந்த கோபத்தில் கைப்பேசியைச் சோபாவில் எறிந்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு தெருமுனைக் கடையிலேயே போய் வாங்கி வந்தேன்.

அன்று மாலை அன்வர் கூப்பிட்டான். ஓசூரில் நான் வேலை பார்த்த தொழிற்சாலையின் கம்ப்யூட்டர் பிரிவில் அவன் என் பக்கத்து நாற்காலி. கிருஷ்ணகிரியில் மாங்காய் மண்டி வைத்திருக்கும் குடும்பம். இவன் மட்டும் வழி தவறிக் கம்ப்யூட்டருக்கு வந்துவிட்டான். இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

"மேடம், நம்ம போர்ட்டலைப் புதுசா எழுதறாங்க. எரர் வந்தா காட்டற பக்கத்துல என்னா படம் போடலாம்னு பசங்க கேக்கறாங்க. அதுல ஒருத்தன் ரோஜாப்பூ போடலாமான்னு கேட்டான் மேடம்."

சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். அவன் பக்கத்தில் நின்றிருந்த அந்தப் பிள்ளைகள் இந்தக் கிழங்களுக்கு என்ன ஆயிற்று என்று விழித்திருப்பார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நான் மத்தூர்க்காரி. கணிதத்தில் பட்டம் வாங்கிவிட்டு, இருசக்கர வண்டிகளுக்குப் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் டைப் அடிக்கிற வேலைக்குச் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்தது, அதன் முன்னால் உட்கார வைத்தார்கள். இணையம் வந்தது, அதற்கும் நீயே என்றார்கள். படித்த கதையைச் சொல்ல ஒன்றுமில்லை. தெரியாததைத் தெரிந்தவர்போல் நடத்திய ஒரு வாத்தியாரிடம் தெரிந்ததுபோல் தலையாட்டிக் கற்றுக்கொண்டேன். மெஷின்கள் ஓடும் ஷாப் ஃப்ளோரில் எல்லோருக்கும் நான் சிஸ்டம் மேடம். பிரிண்டரில் காகிதம் சிக்கினாலும் சிஸ்டம் மேடம், கேன்டீன் டிவியில் கிரிக்கெட் தெரியாவிட்டாலும் சிஸ்டம் மேடம்.

விஷயத்துக்கு வருகிறேன். இணையச் செயலியை யாரும் அடித்தளத்திலிருந்து எழுதுவதில்லை. பாதி வேலையை முன்பே செய்து வைத்திருக்கும் ஃப்ரேம்வொர்க் ஒன்றை எடுத்துக்கொண்டு, மீதியை நாம் எழுதுவோம். ஓடும்போது எதிர்பாராதது ஏதாவது நடந்தால் அந்த இடத்து நிரல் ஒரு எக்செப்ஷனை மேலே தூக்கி வீசும். இது எங்கள் லைனில் நடப்பதுதான். மெஷினில் கோளாறு என்றால் ஆபரேட்டர் பார்ப்பார். அவரால் முடியாவிட்டால் மெஷினை அமைத்துக் கொடுக்கும் செட்டர், அவராலும் ஆகாவிட்டால் சூப்பர்வைசர். சரி செய்யத் தெரிந்தவர் பிடிக்க வேண்டும். தெரியாதவர் மேலே அனுப்ப வேண்டும். யாருமே பிடிக்காவிட்டால் கடைசியில் ஃப்ரேம்வொர்க்கே பிடித்து, எந்தக் கோப்பில் எந்த வரியில் எந்தச் செயற்கூறில், அதாவது பெயர் வைத்த எந்த நிரல் துண்டில் தவறு என்று எல்லாவற்றையும் திரையில் கொட்டிவிடும். இதில் ஆக மோசமானவர், நடுவில் பிடித்துக்கொண்டு சரியும் செய்யாமல் மேலேயும் சொல்லாமல் "எல்லாம் ஓகே சார்" என்று சிரிக்கிறவர். அப்படி ஒருவர் எல்லாத் தொழிற்சாலையிலும் உண்டு. பாகத்தின் எண்ணிலிருந்து விடுப்பு வரை பதிகிற எங்கள் செயலிக்குள்ளும் ஒருவரை நாங்களே நியமித்தோம்.

அதற்குக் காரணமானவர் எங்கள் துறைத் தலைவர் நரசிம்மமூர்த்தி. கன்னடக்காரர். ஆனேக்கல் பக்கம் வீடு, வீட்டைச் சுற்றி ரோஜாத் தோட்டம். தரக் கட்டுப்பாட்டிலேயே காலம் தள்ளியவரைக் கடைசியில் கம்ப்யூட்டர் பிரிவுக்கு மாற்றியிருந்தார்கள். குரலை உயர்த்தவே மாட்டார். நாம் ஒரு யோசனை சொன்னால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவார், டையின் நுனியால் நிதானமாகத் துடைப்பார், திரும்ப மாட்டிக்கொண்டு, "இது நமகே பேகா மேடம்?" என்பார். இது நமக்குத் தேவையா என்று அர்த்தம். அதற்கு மேல் எந்த யோசனையும் உயிரோடு இருந்ததில்லை.

அவருக்கு ஒரு பக்தி உண்டு. அது சிவப்புத் தொட்டி. ஷாப் ஃப்ளோரில் ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கத்தில் பச்சை, சிவப்பு என இரண்டு பிளாஸ்டிக் தொட்டிகள் இருக்கும். நல்ல பாகம் பச்சையில், பழுதானது சிவப்பில். புதிதாகச் சேருகிறவர்களிடம் அவர் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "தப்பான பீஸை ரெட் பின்ல போட்டவரை யாரும் திட்டக் கூடாது. பச்சை பின்ல போட்டவரை நான் விட மாட்டேன்." பிரேக் விஷயம், விளையாட்டில்லை. இதற்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் மூர்த்தி சார் எதையும் மூன்று தரம் சரிபார்க்கச் சொல்வார். பாகத்தின் எண்ணைச் செயலியில் அடித்தால் அதை மூன்று இடத்தில் ஒப்பிட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார். ரம்ஜான் நோன்பு நேரத்தில் அதை எழுதி அலுத்துப்போன அன்வர், அந்தச் செயற்கூறுக்கு ஆங்கில எழுத்தில் "மூர்த்தி தொல்லை" என்று பெயர் வைத்துவிட்டான். நிரலின் உள்ளே இருக்கிற பெயரை யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்துவிட்டான்.

வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து தணிக்கைக்கு வந்தவர்கள் பார்த்தார்கள். மாநாட்டு அறையில் புரொஜெக்டரைப் போட்டு, மூர்த்தி சாரே உட்கார்ந்து ஒரு பாகத்தின் எண்ணை அடித்தார். செயலி எக்செப்ஷனை வீசியது. யாரும் பிடிக்கவில்லை. சுவர் அகலத்துக்கு மஞ்சள் பக்கம் ஒன்று விரிந்து, அதன் நட்டநடுவில் "மூர்த்தி தொல்லை"யில் பிழை என்று நின்றது. தணிக்கைக்காரர் வடக்கத்தியர். எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு அது என்ன என்று கேட்டார். நானும் அன்வரும் கால் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மூர்த்தி சாருக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். ஒரு கணம்கூடத் தடுமாறாமல், "அது ஜப்பான்ல இருந்து வந்த ஒரு குவாலிட்டி முறை சார்" என்றார். தணிக்கைக்காரர் மதிப்புடன் தலையாட்டி எழுதிக்கொண்டார். அறிக்கையில் இந்த முறையைத் தொடர்ந்து கடைப்பிடிக்கும்படி பாராட்டு வந்தது.

பாராட்டு வந்தாலும் பட்ட காயம் ஆறவில்லை. மறுநாள் எங்களைக் கூப்பிட்டார்.

"இனிமே என்ன ஆனாலும் ஸ்க்ரீன்ல எரர்ங்கற வார்த்தை வரக் கூடாது. நல்ல வார்த்தை வரணும், ஒரு நல்ல படம் வரணும்."

"சார், பதிவு ஏறலைன்னா ஏறலைன்னுதானே சொல்லணும்? நல்ல வார்த்தை சொன்னா ஏறிடுச்சுன்னு நினைச்சுக்குவாங்களே."

கண்ணாடி கழன்றது. டை வந்தது. "இது நமகே பேகா மேடம்?"

"சரி சார், திரையில வேணாம். உள்ளேயாவது என்னா தப்புன்னு பதிஞ்சு வெக்கறோம்."

"பதிஞ்சா ஆடிட்டர் கேப்பாரு. கேட்டா காட்டணும். பேடா மேடம், வேண்டாம்."

அப்படித்தான் எல்லா எக்செப்ஷனையும் ஒட்டுமொத்தமாகப் பிடித்து விழுங்குகிற வலை ஒன்றைச் செயலியின் உச்சியில் கட்டினோம். என்ன தவறு நடந்தாலும் ஒரே பக்கம்தான் வரும். அதற்கான வாசகத்தை அவரே எழுதினார்: "நன்றி. தங்கள் சேவைக்கு வணக்கம். இந்நாள் இனிய நாளாகுக." தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றிலும். மேலே அவர் தோட்டத்தில் அவரே படமெடுத்த ஒரு சிவப்பு ரோஜா, இதழில் பனித்துளியோடு. ஒழுங்காகப் பதிவானவர்களுக்கு "பதிவானது" என்று ஒற்றைச் சொல், வெள்ளைத் திரையில். தவறாகப் போனவர்களுக்கு ரோஜா.

அடுத்து நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. எல்லோருக்கும் ரோஜா பிடித்துவிட்டது! யாருக்கோ எப்போதோ வருகிறது என்பதால் அது பெரிய மரியாதை என்று ஷாப் ஃப்ளோர் முடிவு செய்துவிட்டது. "உனக்கு வந்துச்சா? எனக்கு நேத்து வந்துச்சு" என்று கேன்டீன் வரிசையில் பேசிக்கொண்டார்கள். வந்தவர்கள் அதை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைத்தார்கள். வராதவர்கள் என்னிடம் வந்து, "நாங்க என்னா மேடம் குறை வெச்சோம்?" என்று சண்டை போட்டார்கள். பெயிண்ட் ஷாப் ஆள் ஒருவர் மச்சினிச்சி கல்யாணத்துக்கு விடுப்புக் கேட்டார். தேதியை எக்குத்தப்பாக அடித்திருக்கிறார், ரோஜா வந்திருக்கிறது. விடுப்பு கிடைத்ததோடு நிர்வாகம் வாழ்த்தும் சொல்லிவிட்டது என்று குடும்பத்தோடு சேலம் போய்விட்டார். திரும்பி வந்தபோது மெமோ காத்திருந்தது. நான் மூர்த்தி சாரிடம் போனேன். "அவரு சரியா அடிக்கலை மேடம்" என்றார். வருடக் கடைசியில் எங்கள் பிரிவுக்குப் பூஜ்ஜியப் பிழை விருது கொடுத்தார்கள். கண்ணாடிக் கேடயம். அவர் மேஜைமேல் உட்கார்ந்தது.

கொரோனாவுக்குப் பிறகு கைரேகை வைக்கும் மெஷினை எடுத்துவிட்டார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே கைப்பேசியில் எங்கள் பக்கத்தைத் திறந்து வருகையைப் பதிய வேண்டும். நிற்கிற இடம் எது என்பதைப் போனே சொல்லிவிடும். நல்ல ஏற்பாடு என்று எல்லோரும் மெச்சினார்கள்.

சில மாதம் கழித்து ஒருநாள் மதியம் எச்.ஆர். அதிகாரி சுடலைமுத்து என்னைக் கூப்பிட்டார். திருநெல்வேலிக்காரர், நல்ல மனிதர், ஆனால் சிஸ்டம் சொல்வதுதான் அவருக்கு வேதம். அவர் மேஜைக்கு முன்னால் யூனிஃபார்மில் ஒரு பெண் நின்றிருந்தாள். முழங்கை வரை கிரீஸ். பெயர் மஞ்சுளா, பயிற்சியாளர். தளிக்கு அப்பால் காட்டோரத்தில் இருக்கும் ஜவளகிரி ஊர்.

"மேடம், பயிற்சி முடிஞ்ச பிள்ளைகள நிரந்தரம் பண்ணுத லிஸ்ட் சாயங்காலம் பெங்களூர் ஆபீசுக்குப் போகணும். இந்தப் பிள்ளை இந்தக் கம்பெனிக்கு ஒரு நாள்கூட வரலன்னு சிஸ்டம் சொல்லுது."

எதிரில் நிற்கிறாள். அவள் கையிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் அவர் மேஜைமேலேயே விழுந்தது. அவளைப் பார்த்து வரவே இல்லை என்கிறார். பயிற்சியாளர்களுக்கு மாதாமாதம் ஒரே தொகை போய்விடும் என்பதால் அதுவரை யாரும் வருகையைப் பார்க்கவில்லை.

"சூப்பர்வைசரைக் கேட்டீங்களா சார்?"

"கேட்டேம்மா. தெனமும் வந்துச்சுன்னு சொல்லுதாரு. அவரு வந்துச்சுங்காரு, சிஸ்டம் வரலங்கு. நான் எதை ஃபைல்ல வைக்க? லிஸ்ட்ல இருந்து எடுக்கத்தான் செய்யணும்."

மஞ்சுளாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. ஆனால் அவள் சொன்னதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"சார், எனக்கு டெய்லி ரோஜா வருதுங்க சார். எங்க பேட்ச்ல யாருக்கும் இத்தினி வரலை. நல்லா வேலை செய்யறவங்களுக்குத்தான் வரும்னு சொன்னாங்க."

நான் அவளை வெளியே அழைத்துக்கொண்டு வந்தேன். வந்ததும் கொட்டினாள்.

"இந்த வேலை போச்சுன்னா வீட்ல கல்யாணம் பண்ணி வெச்சுடுவாங்க மேடம். மாப்பிள்ளைகூடப் பாத்தாச்சு. கம்பெனில பர்மனென்ட் ஆனா மட்டும் விட்டுடறேன்னு அப்பா சொல்லியிருக்காரு. பஸ் ஏறும்போது வர்ற ரோஜாவை வீட்ல காட்டிக் காட்டித்தான் அவரைச் சமாளிச்சு வெச்சிருக்கேன்."

"காட்டினியா? எப்படிக் காட்டினே?"

கைப்பேசியைத் திறந்து நீட்டினாள். ஒவ்வொரு நாளும் வந்த ரோஜாவைப் படமாகச் சேமித்து வைத்திருந்தாள். விரலால் தள்ளத் தள்ள ரோஜா. ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும், பஸ் ஏறிய காலை நேரமும். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. நிர்வாகம் தன்னை மெச்சுகிறது என்று நினைத்துக்கொண்டு ஒரு பெண் தினமும் யானை நடமாடுகிற பாதையில் நடந்து வந்து பஸ் ஏறியிருக்கிறாள். நாங்கள் தினமும் அவளை விழுங்கியிருக்கிறோம்.

அப்போது அவள் கைப்பேசியில் ஒரு பழைய குறுஞ்செய்தி கண்ணில் பட்டது. கர்நாடகாவுக்கு வரவேற்கிறோம் என்று. எல்லையோரத்தில் இருக்கிறவர்களுக்கு இது தெரியும். நாம் தமிழ்நாட்டில்தான் நிற்போம். போன் அந்தப் பக்கத்து டவரைப் பிடித்துக்கொண்டு வெளிமாநிலம் போய்விடும். என் இருக்கைக்கு ஓடினேன். அன்வர் வருகைப் பக்கத்தைத் திறந்தான். நின்ற இடம் எந்த மாவட்டம் என்று ஒப்பிடும் பட்டியலில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் மட்டும்தான் இருந்தன. ஜவளகிரியில் பஸ் ஏறுகிறவள் அவள் ஒருத்திதான்; அவள் போன் தினமும் கர்நாடக மாவட்டத்தின் பெயரைச் சொல்லியிருக்கிறது. பட்டியலில் அது இல்லை என்றதும் எக்செப்ஷன். எங்கள் வலை பிடித்தது. அன்வர் அந்தப் பெயரைக் கொடுத்துப் பார்த்தான். திரையில் ரோஜா பூத்தது.

"பனித்துளியைப் பாருங்க மேடம்" என்றான் அன்வர். அந்த நேரத்திலும் அவனுக்குக் குசும்பு.

அந்தப் படங்களைக் கொண்டுபோய்க் காட்டியும் சுடலைமுத்து ஒத்துக்கொள்ளவில்லை. "ரோஜாப்பூவ எப்படிம்மா ஆதாரமா வைக்க? இந்தப் பூ வந்தா சிஸ்டத்துல எரர்னு உங்க தலைவர் கையெழுத்துப் போட்டுத் தரட்டும், பதிஞ்சிருதேன்" என்றார். அங்கேதான் சிக்கல். எரர் என்ற சொல்லை உச்சரிக்காத மனிதர், பூஜ்ஜியப் பிழைக் கேடயத்தை மேஜையில் வைத்திருக்கிறவர், இதை எழுதித் தர வேண்டும். வாயால் சொன்னால் கண்ணாடியைத் துடைத்து அனுப்பிவிடுவார் என்று எனக்குத் தெரியும்.

ஷாப் ஃப்ளோருக்குப் போய் ஒரு மெஷினுக்குப் பக்கத்திலிருந்த சிவப்புத் தொட்டியைக் காலி செய்து எடுத்துக்கொண்டேன். மஞ்சுளாவின் கைப்பேசியை அதற்குள் வைத்தேன். நேராக மூர்த்தி சார் அறைக்குப் போய், கேடயத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, தொட்டியை மேஜை நடுவில் வைத்தேன். எண்ணெய் அவர் காகிதங்களில் ஒட்டியது.

"ஏன் மேடம் இது?"

"எடுத்துப் பாருங்க சார்."

எடுத்தார். தள்ளினார். "நம்ம வீட்டு ரோஜா" என்று முகம் மலர்ந்தது. இன்னும் தள்ளினார். ரோஜா, ரோஜா, ரோஜா.

"ஒவ்வொண்ணும் ஒரு ரிஜெக்ட் பீஸ் சார். எல்லாத்தையும் பச்சை பின்ல போட்டு வெச்சிருக்கோம். ஒரு பொண்ணோட வேலை போகுது."

முழுக் கதையையும் சொன்னேன். கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். வெகுநேரம் துடைத்தார். அந்தக் கேள்விக்காக நான் பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். அது வரவில்லை.

"நம்ம சிஸ்டம்ல ரெட் பின் எங்கே மேடம்?"

"இல்ல சார். நீங்கதான் எடுத்துடச் சொன்னீங்க."

எழுந்தார். தொட்டியைத் தன் கையாலேயே தூக்கிக்கொண்டு எச்.ஆர். அறைக்கு நடந்தார். வெள்ளைச் சட்டையில் கிரீஸ் பட்டதைக்கூடப் பார்க்கவில்லை. வழியெல்லாம் எல்லோரும் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். அங்கே போய், "இந்தப் பொண்ணு தினமும் வந்திருக்கு. தப்பு நம்மது" என்றார். சுடலைமுத்து வெள்ளைத்தாளை நீட்டினார். மூர்த்தி சார் எழுத ஆரம்பித்தார். ஓரிடத்தில் பேனா நின்றது. என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"வேற வார்த்தை ஏதாவது இருக்கா மேடம்?"

"இல்ல சார்."

எழுதினார். பெரிய எழுத்தில், அடிக்கோடும் போட்டார். பட்டியலில் மஞ்சுளாவின் பெயரோடு சாயங்காலம் மின்னஞ்சல் பெங்களூர் போனது.

அதன் பிறகு அவரைப் பிடித்து நிறுத்துவது பெரும்பாடாகிவிட்டது. திரை முழுக்கச் சிவப்பு வேண்டும், பிழை வந்தால் சங்கு ஊத வேண்டும், எல்லாருக்கும் கேட்க வேண்டும் என்றார். நான் என் கண்ணாடியைக் கழற்றி முந்தானையால் துடைத்து, "இது நமகே பேகா சார்?" என்றேன். அவர் சிரித்ததை அன்றுதான் முதலில் பார்த்தேன். முடிவில் அமைந்தது எளிமையானது. சரி செய்யத் தெரிந்த எக்செப்ஷனை மட்டும் அந்தந்த இடத்தில் பிடிப்போம். தெரியாததை மேலே விடுவோம். உச்சியில் பிடிக்கிறபோது என்ன, எங்கே, யாருக்கு என்று உள்ளே பதிந்துகொண்டு, பார்க்கிறவரிடம் உள்ளதைச் சொல்வோம்: "உங்கள் பதிவு ஏறவில்லை. தவறு எங்களுடையது. சிஸ்டம் மேடத்தைக் கூப்பிடுங்கள்." கீழே என் எண். நான் ஓய்வு பெறும்வரை அந்தத் தொலைபேசி என்னைத் தூங்கவிடவில்லை என்பது வேறு விஷயம். கர்நாடகத்து மாவட்டங்களையும் பட்டியலில் சேர்த்தோம்.

சேர்த்த மறுநாளே மஞ்சுளா வந்து நின்றாள், முகம் தொங்கிப்போய்.

"மேடம், ரோஜா நின்னு போச்சு. வெறுமனே 'பதிவானது'ன்னு வருது. நான் ஏதாச்சும் தப்பு பண்ணிட்டேனா?"

புரிய வைக்க எனக்கு ஒரு டீ இடைவேளை முழுவதும் ஆனது. புரிந்ததும் அவள் கேட்டாள்: "அப்போ அப்பாகிட்ட என்னா சொல்றது?" பர்மனென்ட் ஆர்டரைக் காட்டு என்றேன்.

ஆகவே பிள்ளைகளே, எரர் பக்கத்தில் படம் எதுவும் வேண்டாம். நாயும் வேண்டாம், பூவும் வேண்டாம். ஏறியதா இல்லையா, அடுத்து யாரைக் கேட்பது, இது இரண்டையும் சொல்லுங்கள் போதும். மூர்த்தி சாரின் ரோஜாவை மட்டும் தயவுசெய்து திரும்பக் கொண்டுவராதீர்கள்; எந்த ரோஜாவைப் பார்த்தாலும் எங்கோ ஏதோ ஏறவில்லை என்றுதான் எனக்கு இன்றைக்கும் தோன்றும்.

என் பணி ஓய்வு நாளில் இது ஊரறிய நிரூபணமானது. முன்பே ஓய்வு பெற்றுவிட்ட மூர்த்தி சாரும் வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மஞ்சுளா அப்போது செட்டராகிவிட்டாள். மேடை ஏறி வந்து, ஓசூர் ரோஜாவாகப் பொறுக்கிக் கட்டிய பெரிய கொத்து ஒன்றை நீட்டினாள். என் கை தானாகப் பின்னால் போய்விட்டது. கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை; கிட்டே வந்து என் கையைப் பிடித்து முன்னால் இழுத்து, பூங்கொத்தை அதில் வைத்து, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"பயப்படாதீங்க மேடம். பதிவாயிடுச்சு."